டிக்கன்சும் துப்பறியும் பொலிசாரும்

குற்றக் கதை எழுத விரும்பும் ஆசிரியர் ஒருவர் பொலிசாரின் வண்டியில் ஏறியமர்ந்து, இரவு முழுவதும் அவர்களோடு சுற்றித் திரிந்து, அவர்களது தொழிலின் நுட்பங்களைக் கண்டறிந்து வருவது மேலைநாடுகளில் இன்று வழமையான காரியம். நள்ளிரவிற் கதவு தட்டப்படும்போது உள்ளிருப்பவர் முகம் எவ்வாறு மாறுகிறது, அனுபவமுள்ள உத்தியோகத்தர் ஒருவர் பொய்யை எவ்வாறு இனங்காணுகிறார் என்பனவற்றை வீட்டிலிருந்தபடி கற்பனை செய்துவிட முடியாது. ஆகவே எழுத்தாளர் நேரே போய்ப் பார்க்கிறார். ஆயின் அவ்வாறு போகின்றவர் பொலிசாரின் விருந்தினராகவே போகிறார். அவர்கள் திறக்கும் கதவு அவருக்குந் திறக்கிறது. அவர்கள் காட்டுவதை அவர் காண்கிறார். காலப்போக்கில் அவர்கள் காண்பதைப் போலவே காணவும் பழகிவிடுகிறாரா? இக்கேள்வி மோட்டார் வண்டி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, இலண்டன் மாநகரின் சந்துகளிற் கால்நடையாகச் சென்ற ஒரு பெரும் நாவலாசிரியரின் வரலாற்றில் எழுந்துவிட்டது. அவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ்.

ஆங்கில நாவலுக்கும் பொலிசுக்கும் உள்ள உறவு டிக்கன்சுக்கும் முற்பட்டது. 'டொம் ஜோன்ஸ்' என்னும் நாவல் வெளிவந்த 1749ஆம் ஆண்டிலேயே அதன் ஆசிரியரான ஹென்றி பீல்டிங், இலண்டன் போ வீதியில் நீதவானாக இருந்துகொண்டு, கள்வரைப் பிடிப்பதற்கென ஒரு சிறு குழுவினரைத் திரட்டினார். பிற்காலத்தில் 'போ வீதி ஓட்டக்காரர்' எனப் பெயர் பெற்றவர்கள் இவர்களே. ஆயினும் நகரம் முழுவதற்கும் ஒழுங்கான பொலிஸ் படை அமைவதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் சென்றன. 1829இல் உள்நாட்டு அமைச்சர் றொபேட் பீல் தலைநகரப் பொலிஸ் படையை நிறுவினார். போ வீதிக் குழு 1839இற் கலைக்கப்பட்டது.

புதிய படையினருக்கு நீலச் சட்டையும் உயர்ந்த தொப்பியும் அளிக்கப்பட்டமைக்குத் தக்க காரணம் உண்டு. மறைந்திருந்து உளவு பார்க்கும் அரசாங்கத்தை ஆங்கில மக்கள் பெரிதும் வெறுத்தனர். அத்தகைய உளவு பிரான்சு தேசத்துக்குரிய தீமை என்பது அவர்களது எண்ணம். பொலிஸ்காரன் எவனென்று எவரும் தூரத்திலேயே கண்டுகொள்ளவேண்டும் என அவர்கள் எதிர்பார்த்தனர். 1833இற் போப்பே என்ற சார்ஜன் ஒருவர் மாறுவேடம் பூண்டு, தொழிலாளரின் அரசியற் சங்கமொன்றில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தமை வெளியாயிற்று. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பாராளுமன்றக் குழு விசாரித்து அவர் செயலைக் கண்டித்தது. இக்காரணத்தினால் துப்பறிவதற்கெனத் தனிப் பகுதி அமைக்க அரசாங்கம் நெடுநாள் தயங்கியது. 1842இல், டானியல் குட் என்ற கொலைகாரன் பொலிசாரின் கைக்கு எட்டாமற் பல நாள் ஒளிந்து திரிந்த பின்னரே அத்தயக்கம் நீங்கியது. அவ்வாண்டில் இரண்டு இன்ஸ்பெக்டர்களும் ஆறு சார்ஜன்களும் கொண்ட துப்பறியும் பகுதி ஸ்கொட்லண்ட் யாட்டில் தோன்றியது. ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரத்துக்கு எட்டுப் பேர்! சாதாரண உடையில் நடமாடிய இவ்வெண்மரையும் பொதுமக்கள் ஐயத்துடனேயே நோக்கினர்.

இந்த ஐயத்தைப் போக்கிய பெருமையில் ஒரு பங்கு டிக்கன்சின் பேனாவுக்குரியது. 1837 முதல் 1839 வரை வெளிவந்த 'ஒலிவர் ருவிஸ்ட்' நாவலில் அவர் போ வீதிக்காரர் இருவரை நகைப்புக்கிடமான பாத்திரங்களாகவே படைத்திருந்தார். ஆனாற் புதிய துப்பறிவோர்மீது அவருக்கு ஏற்பட்ட மதிப்போ வேறு. 1850 மார்ச்சில் அவர் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' என்ற வார சஞ்சிகையைத் தொடங்கினார். இரண்டு பென்ஸ் விலையில் எளியோர் வீடுகளுக்குஞ் சென்ற சஞ்சிகை அது. அவ்வாண்டுக் கோடையில் துப்பறியும் உத்தியோகத்தரைத் தமது காரியாலயத்துக்கு ஒரு மாலைப்பொழுதில் அழைத்தார். வட்ட மேசையைச் சுற்றி அவர்கள் அமர்ந்தனர். சுருட்டும் மதுவும் பரிமாறப்பட்டன. வந்தவர்கள் உட்கார்ந்தவுடனேயே அறையிலிருந்த தளபாடங்களையும் ஆசிரியரின் தோற்றத்தையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டதை டிக்கன்ஸ் கவனித்தார். பின்னர் ஒவ்வொருவராகத் தம் அனுபவங்களைக் கூறினர். நாட்டுப்புறத்திலிருந்து வந்த இளம் இறைச்சிக்காரனைப் போல வேடமிட்டு, களவுத் துணி விற்போரின் நட்பைப் பெற்று, அவர்களை அகப்படுத்திய சார்ஜன் ஒருவரின் கதை அவற்றுள் மிகச் சுவையானது.

இவ்விருந்தின் விவரம் யூலை 27ஆம் திகதியும் ஓகஸ்ட் 10ஆம் திகதியும் இரு பகுதிகளாக வெளிவந்தது. உத்தியோகத்தரின் பெயர்களை டிக்கன்ஸ் சிறிதே மாற்றியிருந்தார். சார்ள்ஸ் பீல்ட் என்ற இன்ஸ்பெக்டர் 'வீல்ட்' ஆனார். ஜோனதன் விச்சர் என்ற சார்ஜன் 'விச்செம்' ஆனார். பருத்த உடலும் கரகரத்த குரலும் உடைய பீல்ட், பேசும்போது தமது தடித்த சுட்டுவிரலைக் கண்ணுக்கோ மூக்குக்கோ அருகிற் கொண்டு சென்று சொல்லுக்கு அழுத்தம் கொடுப்பாராம். அவ்விரல் பின்னர் ஒரு நாவலினுள் நுழையப் போகிறது.

மறுவருடம், 1851இல், டிக்கன்ஸ் மேசையை விட்டெழுந்து வீதிக்கு வந்தார். 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' சஞ்சிகையின் 1851 யூன் 14ஆம் திகதி இதழில் அவ்விரவின் வரலாறு அச்சாயிற்று. சென் ஜைல்ஸ் தேவாலயத்து மணி ஒன்பது அடிக்கும் வேளையில் அது தொடங்குகிறது. பிரித்தானிய நூதனசாலையின் மூலைமுடுக்கெல்லாம் பார்வையிட்டு முடித்த பீல்ட் வந்து சேருகிறார். ரொஜர்ஸ் என்ற கான்ஸ்டபிளின் இடுப்புவாரில் ஒரு விளக்கு. அக்காலப் பொலிஸ் விளக்கின் அமைப்பை இங்கு மனங்கொள்ளவேண்டும். அதன் ஒரு பக்கத்தில் மாத்திரம் தடித்த கண்ணாடி பதிக்கப்பட்டிருக்கும். ஒளி முன்னே மட்டும் பாயும். எதிரில் நிற்பவன் முகம் பட்டப்பகல் போலத் தெரியும். விளக்கை ஏந்தியவனோ இருளில் நிற்பான்.

அவ்விளக்கின் ஒளியில் இலண்டனின் மறுபுறத்தை டிக்கன்ஸ் கண்டார். 'எலிகளின் கோட்டை' எனப் பெயர் பெற்ற நிலவறை விடுதிக்குட் பீல்ட் இறங்கும்போது அங்கு கூடியிருந்த கள்வரெல்லாம் அடங்கிவிடுகின்றனர். அவர்களிற் பலரை முன்பு கைது செய்தவர் அவரே. அவர் பகிடி பேசினாற் சிரிக்கின்றனர். தொப்பியைக் கழற்றச் சொன்னாற் கழற்றுகின்றனர். ஒரு கூட்டத்தின் நடுவே சிலராக நிற்கும் பொலிசார்மீது ஒருவனும் கைநீட்டவில்லை. இந்த ஆளுகையைக் கண்டு நாவலாசிரியர் வியக்கிறார். நாட்டின் சட்டம் முழுவதும் அந்த ஒரு மனிதரின் உருவெடுத்து நிற்பதாக அவருக்குத் தோன்றுகிறது. பின்னர் தேம்ஸ் நதியைக் கடந்து சவுத்துவாக் பகுதிக்கும், கிழக்கே கடலோடிகள் கூத்தாடும் விடுதிகளுக்கும், வைட்சப்பலுக்கும் நடை தொடருகிறது. ஓரிடத்திற் களவுப் பொருள் வாங்கும் விடுதிக்காரன் ஒருவன் உரத்துச் சினந்து எதிர்க்கிறான். மற்றெங்கும் பணிவே.

ஆயினும் அக்கட்டுரையில் இன்னொரு குரலும் ஒலிக்கிறது. சென் ஜைல்சில் ஓர் அறைக் கதவு திறக்கப்படும்போது, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக எண்ணிக்கையற்ற அயர்லாந்து ஏழைகள் தரையில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடப்பதை விளக்கு காட்டுகிறது. இவர்கள் கள்வரல்லர், உறங்கும் இடத்துக்கு வழியில்லாதவர்கள். பழைய குடிசைகளை இடித்துப் புதிய ஒக்ஸ்போட் வீதி அமைக்கப்பட்டது 1847இல். அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் எங்கே சென்று ஒண்டினார்கள் என்று எவரும் கேட்கவில்லையே என டிக்கன்ஸ் அங்கு நொந்துகொள்கிறார். இவ்வளவு உண்மையை அவர் கண்டது பொலிசாரின் துணையினாலேதான். அவர்கள் இன்றி அக்கதவு அவருக்குத் திறந்திராது. ஆனாற் கதவு திறந்தபோது உறக்கம் கலைந்தவர்கள் அக்குடும்பங்கள். வந்தவர் எவர், எதற்காக வந்தார் என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

இவ்விடத்தில் டிக்கன்சின் இளமை வாழ்க்கையை நினைவுகூர்வது பொருந்தும். 1812இற் பிறந்த அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அவர் தந்தையார் கடன் இறுக்கமாட்டாமற் சவுத்துவாக்கிலிருந்த மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் சார்ள்ஸ் சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு விடப்பட்டான். தந்தைக்கு அண்மையில் இருக்கவேண்டி, லாண்ட் வீதியில் ஒரு வாடகை அறையில் தனியே தங்கினான். 1851இற் பீல்டுடன் அவர் சுற்றிப் பார்த்த 'பழைய மின்ட்' என்னும் சேரி அந்த லாண்ட் வீதியின் அயலிலேதான் உள்ளது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் அவ்விளக்கு அப்பக்கம் திரும்பியிருக்குமாயின், பசியோடிருந்த அச்சிறுவனின் முகத்திலும் அதன் ஒளி பட்டிருக்கக்கூடும். இவ்விளமைத் துன்பத்தை அவர் தம் வாழ்நாளில் வாசகர் எவருக்கும் வெளியிட்டதில்லை. அவர் இறந்தபின், 1872இல் நண்பர் ஜோன் போஸ்டர் எழுதிய வரலாற்றின் மூலமே உலகம் அதனை அறிந்தது.

கட்டுரையிற் சொல்லாததை நாவலிற் சொன்னார் எனலாம். 1852 மார்ச் முதல் 1853 செப்டெம்பர் வரை மாதாந்தம் வெளிவந்த 'பிளீக் ஹவுஸ்' நாவலில் இன்ஸ்பெக்டர் பக்கெற் என்பவர் வருகிறார். ஆங்கில நாவலின் முதற் பெரும் பொலிஸ் துப்பறிவாளர் அவரே எனத் திறனாய்வாளர் பலர் கூறுவர். பீல்டின் தடித்த சுட்டுவிரல் இப்போது பக்கெற்றின் கையில் இருக்கிறது. 'டொம் ஓல் அலோன்' என்ற சேரிக்குள் விளக்கோடு அவர் புகும் அத்தியாயம், அந்த 1851 இரவின் மறுபதிப்பே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. விளக்கின் மறுபக்கத்தில் நிற்பவனையும் இம்முறை ஆசிரியர் பேசவைக்கிறார்.

அவன் ஜோ, வீதியைக் கூட்டி வழிப்போக்கரிடம் காசு பெறும் அநாதைச் சிறுவன். நின்ற இடத்தில் நிற்காதே, நகர்ந்து போ என்பதே பொலிசார் அவனுக்கு இடும் கட்டளை. எங்கே போவது என்ற அவன் கேள்விக்கு எவரிடத்தும் விடையில்லை. பக்கெற் கொடியவரல்லர், கனிந்த பேச்சும் கூர்ந்த மதியும் உடையவர், கொலையாளியைப் பிழையின்றிக் கண்டுபிடிப்பவர். அவரேதான் காய்ச்சலில் வாடும் ஜோவை அவனுக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டிலிருந்து இரவோடிரவாக அகற்றுகிறார். வாயடங்கி அப்பாற் போய்விடும்படி பணிக்கிறார். பக்கெற் எங்கும் இருக்கிறார், எல்லாம் அறிகிறார் என்ற அச்சம் சாகும்வரை ஜோவை விட்டு நீங்கவில்லை. எலிகளின் கோட்டையில் டிக்கன்ஸ் வியந்து போற்றிய அதே ஆளுகை, ஒரு குழந்தையின் உள்ளத்தில் எவ்வாறு படிகிறது என்பதை நாவல் காட்டிவிட்டது. பீல்டுடன் நடவாதிருந்தாற் பக்கெற்றை அவர் படைத்திருக்க முடியாது. பீல்டின் கண்களால் மட்டுமே பார்த்திருந்தால் ஜோவைப் படைத்திருக்க முடியாது.

பொலிசாருடன் செல்லும் வழக்கத்தை டிக்கன்ஸ் பின்னரும் கைவிடவில்லை. தேம்ஸ் நதிப் பொலிஸ் 1798இற் கப்பற் சரக்குகளைக் காப்பதற்கெனத் தொடங்கப்பட்டது. அவர்களது படகில் ஓர் இரவு சென்று, அவ்வனுபவத்தை 1853 பெப்ருவரியில் எழுதினார். 1864இல் தொடங்கிய 'அவர் மியூச்சுவல் பிரண்ட்' நாவலின் முதற்காட்சியே, நதியில் மிதக்கும் பிணங்களைத் தேடிச் செல்லும் ஒரு படகாக அமைந்தது. 1869இல் அமெரிக்க நண்பருடன் பொலிஸ் துணைகொண்டு கிழக்கு இலண்டனின் அபின் விடுதியொன்றைப் பார்வையிட்டார். 1870 யூன் 9ஆம் திகதி அவர் காலமானபோது முற்றுப்பெறாது நின்றுவிட்ட 'எட்வின் ட்ரூட்' நாவல் அத்தகையதோர் அபின் விடுதியிலேயே ஆரம்பிக்கிறது.

சேரிக்குட் பாய்ந்த விளக்கு செல்வர் மாளிகைக்குட் பாய்ந்தபோது விளைந்ததையும் இவ்வரலாற்றோடு சேர்த்து நோக்கவேண்டும். 1860 யூன் மாத இறுதியில், வில்ற்ஷயர் மாகாணத்து ரோட் ஹில் இல்லத்தில் மூன்று வயதுக் குழந்தை சவில் கென்ற் கொலையுண்டு கிடந்தான். விசாரணைக்காக ஸ்கொட்லண்ட் யாட் அனுப்பியவர், பத்தாண்டுகளுக்கு முன் டிக்கன்சின் மேசையில் அமர்ந்த அதே விச்சர். காணாமற்போன இரவுச் சட்டை ஒன்றைத் துப்பாகக் கொண்டு, குழந்தையின் வேற்றுத்தாய்ச் சகோதரியான பதினாறு வயது கொன்ஸ்ரன்ஸ் மீது அவர் குற்றஞ்சாட்டினார். நாடு கொதித்தெழுந்தது. கனவான் ஒருவரின் வீட்டு அந்தரங்கத்தைக் கூலிக்கு உழைக்கும் ஒரு பொலிஸ்காரர் கிளறுவதா என்று பலரும் சினந்தனர். கொன்ஸ்ரன்ஸ் விடுவிக்கப்பட்டாள், விச்சரின் புகழ் அழிந்தது. டிக்கன்சும் அவர் முடிவை ஏற்கவில்லை. தந்தையும் செவிலியுமே குற்றவாளிகள் என்று நண்பருக்கு எழுதினார். 1865இற் கொன்ஸ்ரன்ஸ் தானே முன்வந்து கொலையை ஒப்புக்கொண்டாள். அதற்கு முந்திய ஆண்டிலேயே விச்சர் பணியை விட்டு விலகிவிட்டார்.

அவ்வழக்கின் இரவுச் சட்டை, வில்க்கி கொலின்ஸ் 1868இல் டிக்கன்சின் மற்றொரு சஞ்சிகையில் வெளியிட்ட 'மூன்ஸ்டோன்' நாவலிற் சாயக்கறை படிந்த உடையாக மாறிவந்தது. சென் ஜைல்சில் ஏழைகளின் அறைகளை நள்ளிரவிற் திறந்தபோது எவரும் அந்தரங்கம் பற்றிப் பேசவில்லை. வில்ற்ஷயரில் ஒரு மாளிகையின் கதவு தட்டப்பட்டபோதே ஆங்கில நாடு அச்சொல்லை நினைத்துக்கொண்டது.

துப்பறியும் பகுதியின் பெருமையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1877இல் அதன் இன்ஸ்பெக்டர்கள் நால்வர், குதிரைப் பந்தய மோசடிக்காரரிடம் கையூட்டுப் பெற்றுத் துணைபோனதாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். மூவர் தண்டிக்கப்பட்டனர். அப்பகுதி முற்றாகத் திருத்தியமைக்கப்பட்டு, 1878இற் குற்றப் புலனாய்வுத் திணைக்களமாக மறுபிறவி எடுத்தது. 1850இன் விருந்துக் கட்டுரையை மாத்திரம் வாசித்தவர்களுக்கு இது பெரும் அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

சென்ற நூற்றாண்டில் இதே வரலாறு அமெரிக்காவில், வானொலியின் வழியாக மீண்டும் நிகழ்ந்தது. நடிகர் ஜாக் வெப் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிசாரின் வண்டிகளில் இரவிரவாகச் சென்று, அவர்களது பேச்சையும் நடைமுறையையும் கற்று, 1949 யூன் 3ஆம் திகதி 'டிராக்னெற்' என்ற தொடர் நாடகத்தை ஒலிபரப்பத் தொடங்கினார். உண்மைக் கோவைகளிலிருந்து எடுக்கப்பட்ட அந்நாடகங்களில் ஆரவாரம் இல்லை. பொலிசாரின் அன்றாட அலுப்பும் பொறுமையும் நேயர்களுக்குப் புதுமையாக இருந்தன. ஆயின் கோவைகளைத் தந்த திணைக்களமே பிரதிகளையும் பார்வையிட்டது. அந்நகரின் கறுப்பின மக்கள் பொலிசாரின் கடுமையைப் பற்றிக் கூறிய முறைப்பாடுகளுக்கு அந்நாடகங்களில் இடமிருக்கவில்லை. 1965 ஓகஸ்டில் வொற்ஸ் பகுதியில் மூண்ட கலவரத்தில் 34 பேர் உயிரிழந்தனர். அக்கலவரத்தை நாவலாக்கியவர்களுள் ஒருவர் பொலிசாருடன் சென்ற விருந்தினரல்லர். அதே படையில் அப்போது சார்ஜனாகப் பணியாற்றிய ஜோசப் வொம்போ. 1971இல் வெளிவந்த அவரது முதல் நாவல் சக பொலிசாரின் துணிவோடு அவர்களது அச்சத்தையும் கசப்பையும் எழுதியது.

எழுத்தாளர் பொலிசாரோடு செல்லலாகாது என்பதன்று இவ்வரலாறு கூறுவது. செல்லாதவர் எழுதுவது பெரும்பாலும் வெறுங் கற்பனையாகவே முடியும். டிக்கன்ஸ் சென்றமையாலேயே, இடித்த வீதிகளிலிருந்து துரத்தப்பட்டோர் எங்கே கிடந்தனர் என்பதை இலண்டன் வாசகர் அறிந்தனர். அவர் அதனோடு நின்றுவிடாமல், வீடு திரும்பி மேசைமுன் அமர்ந்தபின், விளக்கொளியிற் கண் கூசி நின்றவன் என்ன நினைத்திருப்பான் என்று மீண்டும் எண்ணிப் பார்த்தார். பீல்ட் 1852இல் ஓய்வுபெற்று, 1874இல் மறைந்தார். எலிகளின் கோட்டையும் இன்றில்லை. வீதியைக் கூட்டிய ஜோ மாத்திரம், எங்கே போவது என்ற தன் கேள்வியோடு, வாசிப்பவர் முன்னே இன்றும் நிற்கிறான்.